நரம்பும் மூளையும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

மூளை, நரம்பு பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில் ஞாபகசக்தி பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மற்றதெல்லாம் பாம்பு, பூச்சிமருந்து, ஷெல் துண்டு. வன்னிதானே. நான் வைத்தியர் அல்ல. மருத்துவ மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதனால் மருந்தைக் கூட்டு, குறை என்ற கதை என்னிடம் இல்லை. ஆய்வுகள் எதுவரை போயிருக்கின்றன என்று மட்டும் சொல்வேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி: வயல் கொட்டிலில் பாயில் படுத்திருந்த மச்சானைக் கட்டுவிரியன் கடித்தது. வீக்கமும் இல்லை, நோவும் இல்லை. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு கண் இமை விழுந்தது, பேச்சு இழுபட்டது. பாம்பு ஊசி ஏற்றியும் பல நாள் மெசினில் வைத்திருந்தார்கள். ஊசி சரியில்லையா ரீச்சர்?

ஊசியில் பிழை இல்லை, தம்பி. அந்த நஞ்சு வேலை செய்கிற இடம் அப்படி.

மூளையின் கட்டளை நரம்பு வழியாக மின்துடிப்பாக வருகிறது. நரம்பின் நுனியும் தசையும் சந்திக்கும் இடத்தில் அது அசற்றைல்கோலின் என்ற இரசாயனமாக மாறித் தசைக்குப் பாய்கிறது. இரணைமடுக் குளத்துத் துருசையும் (மதகு) வாய்க்காலையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாகத்தின் நஞ்சு வாய்க்கால் பக்கத்தை, அதாவது அந்த இரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளத் தசையிலுள்ள ஏற்பிகளை அடைக்கிறது. கட்டுவிரியன் துருசையே உடைத்துவிடுகிறது. அதன் பீட்டா-பங்காரோடொக்சின் நரம்பு நுனிக்குள் புகுந்து, அங்கே சேர்ந்திருப்பதை எல்லாம் கொட்டவைத்து, நுனியையே சிதைக்கிறது. பாம்பு ஊசி இரத்தத்தில் திரிகிற நஞ்சைப் பிடிக்கும். சிதைந்த நுனியைத் திருத்தித் தராது. அனுராதபுரத்து நோயாளர்களை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்விலும் இதுதான் தெரிந்தது: ஊசிக்குப் பிறகு இரத்தத்தில் நஞ்சு இல்லை, ஆனால் தசைத் தளர்ச்சி மட்டும் இருந்தது. நரம்பு நுனி திரும்ப வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை மூச்சு விடுகிற வேலையை மெசின் பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். இந்த நஞ்சு தாக்குவது நரம்பு நுனிகளைத்தான், மூளையை அல்ல. நோயாளி கண் திறக்கமாட்டார், விரல் அசைக்கமாட்டார், சில நேரம் கண்ணின் பாவை கூட வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்க்கிறவருக்கு மூளை இறந்துபோனது போலவே இருக்கும். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டிலடியில் நின்று செத்தவீட்டுக் கதை கதைக்காதீர்கள்.

தரையில் படுக்கத்தான் வேண்டுமென்றால் நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாயின் கீழே செருகிவிட்டுப் படுங்கள். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் செய்த ஓர் ஆய்வில் வலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்தது.

பூநகரியில் ஒரு அக்கா: எனக்கு மயஸ்தீனியா என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. காலையில் நல்லம், பின்னேரமானால் இமை விழும், சோறு மெல்லவே களைக்கும். இது ஏன் வருகிறது?

மேலே தம்பி கேட்டதையும் வாசியுங்கள் அக்கா. உங்கள் வருத்தத்துக்குக் காரணம் பிடிபட்டதே அந்தப் பாம்பின் உறவுக்காரன் ஒருவனால்தான்.

தாய்வானில் பல பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனம் ஒன்று உண்டு. அங்கே சாங், லீ என்ற இருவர் 1963இல் அதன் நஞ்சிலிருந்து ஆல்பா-பங்காரோடொக்சினைப் பிரித்தெடுத்தார்கள். அது தசைப் பக்கத்து ஏற்பியை மட்டும் தேடிப்பிடித்து, பிடித்த பிடி விடாது. 1970இல் பரிசில் ஷான்-பியர் ஷான்ஷூ அந்தப் பிடியைப் பயன்படுத்தி, மின்விலாங்கின் உடலிலிருந்து அந்த ஏற்பியை அடையாளம் கண்டார். 1973இல் அமெரிக்காவில் பற்றிக், லின்ட்ஸ்ட்ரொம் என்ற இருவர் விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாக ஏற்றினார்கள். முயல்களின் உடல் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி தயாரித்தது. அது முயல்களின் சொந்த ஏற்பிகளையும் தாக்கியது. முயல்கள் தலை தொங்கித் தளர்ந்துபோயின, மயஸ்தீனியாக்காரரைப் போலவே. உங்கள் உடலிலும் நடப்பது அதுதான். ஏற்பிகள் குறைந்துவிட்டதால் முதல் சில அசைவுகளுக்குக் காணும், தொடர்ந்து வேலை செய்ய ஏலாது.

நீங்கள் போடும் மாத்திரை பிரிடோஸ்டிக்மினாக இருக்கவேண்டும். அசற்றைல்கோலினை உடைக்கிற நொதியை அது கொஞ்ச நேரம் தடுத்துவைக்கிறது. இருக்கிற இரசாயனம் அதிக நேரம் நிற்பதால் இமை தூக்கும். இந்த வகை மருந்தை மயஸ்தீனியாவுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தவர் மேரி வோக்கர், 1934இல் இலண்டனில். பெரிய ஆய்வுகூடம் வைத்திருந்தவர் இல்லை, வார்ட்டில் வேலை பார்த்த ஒரு டொக்டர்.

சில அன்ரிபயோட்டிக் மருந்துகள் இந்த வருத்தத்தைக் கூட்டும். எங்கே மருந்து எடுக்கப் போனாலும் கொப்பியை முதலில் நீட்டுங்கள்.

கண்டாவளையில் ஒரு கமக்கார ஐயா: மருந்தடித்த அன்று பின்னேரம் வாயூறும், கண் மங்கும், சதை துடிக்கும். ஒரு நாள் படுத்தால் சரி. இது நரம்பைப் பழுதாக்குமா பிள்ளை?

ஐயா, அக்காவின் மாத்திரை மெதுவாகவும் கொஞ்ச நேரத்துக்கும் தடுக்கிற அதே நொதியைத்தான் ஓகனோபொஸ்பேற் பூச்சிமருந்துகள் இறுக்கிப் பூட்டுகின்றன. இரசாயனம் வடியாமல் தேங்குகிறது. அதனால்தான் எச்சில், வியர்வை, சதைத் துடிப்பு எல்லாம். கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவதால் மங்கலாகத் தெரிகிறது. அது களைப்பில்லை, நஞ்சு. படுத்துச் சமாளிக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு, போத்தலின் லேபலோடு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இதில் உலகம் இலங்கையிடமிருந்து படித்த பாடம் ஒன்று உண்டு. இந்த மருந்து உடம்பில் அதிகம் போனவர்கள் முதல் நாள் தப்பி, எழுந்து கதைத்துவிட்டு, 1 முதல் 4 நாளுக்குள் திடீரென மூச்சு நின்று இறந்துபோனார்கள். ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரண்டு இலங்கை வைத்தியர்கள்தான் 1987இல் இதைத் தனி நோய்நிலையாக எழுதிக் காட்டினார்கள். முதல் நாள் குழப்பமும் அல்ல, வாரங்கள் கழித்து வரும் நரம்புத் தளர்ச்சியும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் வருகிற ஒன்று. இந்த நஞ்சுக்குக் கொடுக்கும் மாற்றுமருந்தான அத்ரோபின் எச்சிலை நிறுத்தும், இந்தத் தளர்ச்சியை நிறுத்தாது. அவர்கள் கவனித்த அடையாளம் எளிமையானது: படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. கருவியே தேவைப்படாத இந்த மாதிரிக் கண்டுபிடிப்புத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

2008 தொடக்கம் 2011 வரை டைமெத்தொயேற், பென்தயோன் என்ற பூச்சிமருந்துகளையும் பரக்குவாற் என்ற களைகொல்லியையும் நாட்டில் படிப்படியாகத் தடை செய்தார்கள். பழைய போத்தல்கள் கொட்டிலில் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

கிளிநொச்சியில் ஒரு தங்கச்சி: எங்கள் பாட்டி மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். அங்கே பெரியபிள்ளையான பெண்களுக்கு நல்லெண்ணெய் கொடுத்துக் கால் வழங்காமல் போனது என்று சொல்வார். கட்டுக்கதையா?

கதை இல்லை, நடந்தது. 1977–78இல் தேயிலைத் தோட்டங்களில் 20க்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் காலும் கையும் தளர்ந்தன. இளம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் என்று தேடிப்போனபோது, சாமத்தியப்பட்ட பின் கொடுக்கும் நல்லெண்ணெயில் வந்து நின்றது. அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலனில் ஏற்றிவந்ததால் கலந்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1981இல் இதை எழுதியவர்கள் அதே சேனநாயக்கவும் ஜெயரட்ணமும்.

இதுவும் பொஸ்பேற் இனம்தான். ஆனால் ஐயா சொன்னது போல அன்றைக்கே காட்டாது. நாட்கள் கழித்து நரம்பிழையின் தொலைவான முனை முதலில் சாகத் தொடங்கும். உடம்பில் ஆக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால் பாதம் முதலில் விழும். 1930இல் அமெரிக்காவில் கலப்பட இஞ்சிச் சாறு குடித்தவர்களுக்கும், 1959இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெய் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோருக்கும் இதே இரசாயனம் இதையே செய்தது. நல்லெண்ணெயில் குற்றம் இல்லை. பாட்டியிடம் அவர் பார்த்ததைக் கேட்டு எழுதி வையுங்கள்.

புதுக்குடியிருப்பில் ஒரு அண்ணன்: 2009இல் பட்ட ஷெல் துண்டு தலைக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் ஒன்றுமில்லை, இப்போது வலிப்பு. இவ்வளவு காலம் கழித்து வருமா? எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?

வரும். வியட்நாம் போரில் மூளைக்குள் காயம்பட்ட அமெரிக்கப் படையினர் 421 பேரை நீண்டகாலம் தொடர்ந்தார்கள். 15 வருடத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53 வீதமானோருக்கு வலிப்பு வந்திருந்தது. 35 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது அதற்கிடையில் புதிதாகத் தொடங்கியவர்களும் இருந்தார்கள். காயம் ஆறிய இடத்தில் தழும்பு இருக்கிறது, அங்கே கசிந்த இரத்தத்தின் இரும்பு தங்கியிருக்கிறது. சுற்றியுள்ள நரம்புக்கலங்கள் மெல்ல மெல்லத் தங்களுக்குள் தொடர்பை மாற்றிக்கொள்கின்றன. இது படையினரை வைத்துச் செய்த ஆய்வு. முள்ளிவாய்க்கால் வரை போன சனத்தை இப்படி யாரும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கு இதைவிட நல்ல பதில் சொல்லியிருப்பேன்.

எம்.ஆர்.ஐ பற்றி: அது பெரிய காந்தம். ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. உள்ளே அது அசைந்தாலோ சூடானாலோ ஆபத்து. ஸ்கான் அறையில் கேட்கிறார்களோ இல்லையோ, நீங்களாகவே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். சீ.ரீ ஸ்கானில் காந்தம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். உடம்பின் வேறு இடத்தில் துண்டு இருந்தாலும் சொல்லவேண்டும், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் கட்டாயம். குளத்திலும் கிணற்றிலும் தனியாக இறங்காதீர்கள், மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள், மருந்தில் வலிப்பு அடங்கும் வரையாவது.

மாங்குளத்தில் இருந்து: மிதிவெடியில் போன கால் இன்றும் நோகிறது. இல்லாத பெருவிரல் மடங்கி இறுகியது போல. மனப்பிரமை என்கிறார்கள்.

பிரமை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களைப் பார்த்து சைலஸ் வியர் மிட்செல் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் காலின் இடம் போகவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரலில் தொடுவதாக அந்த நோயாளி சொன்னார். வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துக் காணிகள். முகம் எல்லை தாண்டிவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். பிறகு நிலைக்கண்ணாடி ஒன்றை நடுவில் நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். பிம்பம் விரிவதைப் பார்க்கப் பார்க்க இறுக்கம் தளர்ந்தது என்று சிலர் சொன்னார்கள்.

இங்கே ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு, அதையும் சொல்லவேண்டும். 2013இல் ஒக்ஸ்போர்டில் தமார் மேக்கின் குழு பார்த்தபோது, வலி கூடியவர்களின் மூளையில் கையின் இடம் அப்படியே காப்பாற்றப்பட்டிருந்தது. அப்படியென்றால் எல்லை தாண்டியதால்தான் வலி என்ற விளக்கம் இடிக்கிறது. என் பார்வையில் மேக்கினின் ஆதாரம் பலமானது. ஆனால் கண்ணாடி ஏன் உதவுகிறது என்பது வேறு, உதவுகிறதா என்பது வேறு. 2007இல் கால் இழந்த 22 பேரோடு ஒரு சிறிய பரீட்சை நடந்தது. கண்ணாடி பார்த்த குழுவில் 4 வாரத்தில் எல்லோருக்கும் வலி குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் கலவையானவை. செலவு ஒரு கண்ணாடி மட்டும்தானே, இயன்மருத்துவரிடம் கேட்டுச் செய்து பாருங்கள். சிலருக்குத் தலைசுற்றும், அழுகை வரும். முதல் தடவை பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

துணுக்காயில் ஒரு தாய்: மகனுக்குச் சோறு சாப்பிடும்போது மட்டும் வலிப்பு. சோற்றில் ஏதோ வைத்துவிட்டார்கள் என்று நூல் கட்டியிருக்கிறோம்.

நூல் இருக்கட்டும், கிளினிக்குக்கும் போங்கள் அம்மா. உணவு வலிப்பு என்று உலகில் அரிதாக எழுதப்பட்ட ஒன்று இலங்கையில் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. 1990இல் 120 பேரை வைத்து இதை எழுதியவரும், நம்பமாட்டீர்கள், அதே சேனநாயக்கதான். நிறையச் சோறு சாப்பிடும்போது சிலருக்கு வரும். குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கும் வருவதுண்டு. வலிப்பு மருந்து இருக்கிறது. வரும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் சோறு இருந்தால் வெளியே வடியவிடுங்கள். இரும்பும் வேண்டாம், திறப்பும் வேண்டாம், வாய்க்குள் விரலும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் வைத்தியசாலை.

முல்லைத்தீவில் ஒரு அக்கா: ஹெலி சத்தம் கேட்டால் இன்னும் கட்டிலுக்குக் கீழே போகிறேன். மூளை பழுதாகிவிட்டதா?

பழுது என்று சொல்லமாட்டேன். அந்தச் சத்தம் வந்தால் குனி என்று அமிக்டலா என்ற சின்னப் பகுதி படித்துக்கொண்டது. அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றியது. "இது இன்று, இது வேறு ஹெலி" என்று சொல்லவேண்டியது ஹிப்போகாம்பஸ். அது போர் வடு உள்ளவர்களில் சிறிதாக இருப்பதைக் கண்டு, போர்தான் சுருக்கியது என்று நீண்டகாலம் நம்பினார்கள். 2002இல் அமெரிக்காவில் ஒருவர் போருக்குப் போய் மற்றவர் வீட்டில் இருந்த இரட்டையர்களைப் பார்த்தார்கள். போகாத சகோதரனுக்கும் அது சிறிதாகவே இருந்தது. எல்லாவற்றையும் போரின் சேதம் என்று எழுதிவிட முடியாது என்பது அதன் அர்த்தம். படித்த பயத்தைத் தணிக்கப் புதிதாகப் படிக்கவும் முடியும். அதற்கான சிகிச்சைகள் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுகளில் கிடைக்கும். ஆனால் எல்லாம் உங்கள் தலைக்குள் என்று சொல்லி முடித்துவிடவும் மாட்டேன். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதியபோது அதைக் கூட்டுக் காயம் என்றார். கோயில், சங்கம், அக்கம்பக்கம் திரும்ப எழும்பாமல் தனி ஆள் மட்டும் எழும்புவது கஷ்டம்.

வவுனியாவில் இருந்து: அப்பாவுக்குப் பார்க்கின்சன். வருடக்கணக்காகப் பரக்குவாற் அடித்தவர். அதுதான் காரணமா? பூனைக்காலி கொடுக்கலாமா?

ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு நல்ல காரணம் உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் கள்ளமாகத் தயாரித்த போதைமருந்தை ஏற்றிய இளைஞர்கள் சிலை போல விறைத்துப்போனார்கள். அதில் இருந்த எம்.பி.டி.பி என்ற பொருள், பார்க்கின்சனில் அழிகிற அதே டோப்பமின் மூளைக்கலங்களை அழித்திருந்தது. உடம்புக்குள் அது மாறி எடுக்கும் வடிவம் பரக்குவாற்றின் அமைப்புக்கு மிக நெருக்கம். 2011இல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் செய்த ஆய்வில், பரக்குவாற் பாவித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் சாத்தியம் சுமார் 2.5 மடங்காக இருந்தது.

பூனைக்காலி விதையில், மூளையில் டோப்பமினாக மாறும் எல்-டோப்பா உண்மையாகவே இருக்கிறது. அப்பாவின் மாத்திரையில் இருப்பதும் அதுதான். அதனாலேயே சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விதைக்கு விதை அளவு மாறும், அளவு கூடினால் உடம்பு தன்பாட்டில் ஆடத் தொடங்கும்.

சின்னக் கேள்விகள்

வல்லாரை ஞாபகத்துக்கு நல்லதா? சம்பலுக்கு மிக நல்லது. மற்றதற்கு மனிதரில் நடந்த ஆய்வுகள் சிறியவை.

மூளையில் 10 வீதம்தான் பாவிக்கிறோமா? இல்லை. உடல் நிறையில் 2 வீதம் அளவே உள்ள உறுப்பு, சக்தியில் 20 வீதத்தைத் தின்கிறது. பாவிக்காத சாமானுக்கு உடம்பு அவ்வளவு செலவழிக்காது.

பாரிசவாதத்துக்கு எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டுப் போகலாமா? கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணித்தியாலம், அதற்குள் ஸ்கானும் எடுக்கவேண்டும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கடைசியாக நல்லாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.

நெடுங்கேணியில் ஒரு ஐயா: ஆராய்ச்சி என்று வந்து படிவம் நிரப்பி, இரத்தமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு ஆளைக் காணோம். அடுத்த முறை வந்தால் ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு. எந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது? அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கத்தாள் தமிழில் இருக்கிறதா? நடுவில் விலகினால் கிளினிக் மருந்துக்கு ஏதும் தடை வருமா? வராது என்று அதில் எழுதியிருக்கவேண்டும். இரத்தம் எங்கே போகிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? முடிவை எப்போது, யார் வந்து ஊருக்குச் சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இழுபட்டால் கையெழுத்து வைக்க அவசரப்படாதீர்கள். விளக்கத்தாளின் ஒரு பிரதியும் தொலைபேசி இலக்கமும் உங்கள் கையில் நிற்கவேண்டும். நான் மேலே சொன்ன ஆய்வுகள் பலவற்றுக்குள்ளும் உங்களைப் போல யாரோ ஒருவர் கை நீட்டி இரத்தம் கொடுத்திருக்கிறார், அதனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். படிவம் விளங்காவிட்டால் படம் எடுத்து அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.